பென்சிலில் எழுதிய ஏழு மாதம்

நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருந்த தாளை நான் நின்று படிக்கவில்லை. நைட் முடிந்து, அடுத்த டூட்டிக்கு வந்தவரிடம் வார்டு விவரம் சொல்லி ஒப்படைத்து, அதாவது ஓவர் கொடுத்துவிட்டு, பயோமெட்ரிக்கில் விரல் வைக்கப் போகும்போது ஓரக்கண்ணால் பார்த்ததுதான். ஆண்கள் மெடிக்கல் வார்டு, இன்சார்ஜ் சிஸ்டர் என்று டைப் அடித்திருந்த வரிக்கு எதிரே என் பெயருக்குப் பதில் வேறு பெயர். மெஷின் என் விரலை எடுக்கவில்லை. ராத்திரி முழுக்க சானிடைசர் போட்டுக் காய்ந்த விரல், எப்போதுமே இரண்டு மூன்று தடவை வைத்தால்தான் எடுக்கும், அன்றைக்கு ஆறு தடவை வைத்தும் சிவப்பு லைட்டு. பின்னால் நின்ற வார்டு மாமா, "சிஸ்டர், வேற விரலை வைக்கிறீங்க" என்றார். உண்மைதான், ஆள்காட்டி விரலுக்குப் பதில் நடுவிரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இப்போது எழுதுவதற்குக் காரணம், போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு தங்கச்சி இதே மாதிரி பதவி கிடைக்காமல் நோட்டீஸ் போர்டு முன்னால் நின்றுவிட்டு, நேராக ராஜினாமா எழுத உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் கேன்டீனில் ஒரு மணி நேரம் பேசியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். ஆஸ்பத்திரி பெயரெல்லாம் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறேன்.

எனக்கு அப்போது இந்த வேலையில் 13 வருஷம். திருநெல்வேலிப் பக்கம் ஜி.என்.எம். என்கிற நர்சிங் டிப்ளமோ முடித்து, ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் கொஞ்ச நாள், அப்புறம் கல்யாணம், மும்பை. வீட்டுக்காரர் குடும்பம் சீத்தா கேம்ப். 1976ல் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியைக் காலி செய்து இங்கே கொண்டுவந்து விட்டபோது என் மாமியாருக்குப் பதினாலு வயசு. எதைப் பறிகொடுத்தாலும் அந்தக் கதையில் ஆரம்பித்துத்தான் ஆறுதல் சொல்வார். மான்கூர்ட் போய் ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் இறங்கி மாறி, ஒன்றேகால் மணி நேரத்தில் ஆஸ்பத்திரி. 150க்குச் சற்று மேல் படுக்கை. அதில் எங்கள் வார்டில் 28. ஜூன் வந்துவிட்டால் மலேரியா, டெங்கு, எலிக்காய்ச்சல். மற்ற மாதங்களில் பக்கவாதம், சர்க்கரை, மூச்சிரைப்பு.

எங்கள் பழைய இன்சார்ஜ் மகப்பேறு விடுப்பில் போனார். 2017 திருத்தத்துக்குப் பிறகு அது 26 வாரம், கையில் இருந்த லீவையும் சேர்த்து ஏழு மாதம் ஆக்கிக்கொண்டார், நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். சூப்பர்வைசர் வந்து, "நீதானே சீனியர், நீயே பார்த்துக்கோ" என்றார். அவ்வளவுதான். ஆர்டர் கிடையாது, மெயில் கிடையாது, அலவன்ஸ் கிடையாது. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

அந்த ஏழு மாதமும் டூட்டி லிஸ்ட் நான்தான் போட்டேன். டூட்டி லிஸ்ட் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது ஒரு தனி வித்தை. கட்டம் போட்ட நீளத் தாள், இடது பக்கம் 14 பேர், மேலே தேதி, ஒவ்வொரு கட்டத்திலும் எம், ஈ, என், ஓ என்று ஒரு எழுத்து, அதாவது மார்னிங், ஈவினிங், நைட், ஆஃப். ஒருத்திக்கு மாமனார் டயாலிசிஸ், செவ்வாய் வெள்ளி ஈவினிங் ஆகாது. ஒருத்திக்கு ஓணத்துக்கு ஊருக்குப் போகணும். ஒருத்திக்கு கணபதி. இரண்டு புதுப் பெண்களை ஒரே நைட்டில் போடக்கூடாது, போட்டால் எனக்குத் தூக்கம் வராது. எழுதி, அழித்து, எழுதி, மாதக் கடைசியில் அந்தத் தாள் சில இடங்களில் ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்துவிடும். அதனால் பென்சில். எல்லாம் ஒத்துவந்த பிறகு சூப்பர்வைசர் அதன்மேல் பேனாவால் எழுதி, கீழே அவர் கையெழுத்துப் போடுவார். ஸ்டோரில் சாமான் கேட்டு எழுதுகிற இன்டென்ட் புக், துணிக் கணக்கு, மருந்து எக்ஸ்பயரி லிஸ்ட், மாதாந்தர ரிப்போர்ட் எல்லாமே அப்படித்தான். நான் செய்வேன், அவர் கையெழுத்துப் போடுவார். ஏழு மாதத்தில் ஒரு தாளில்கூட என் பெயர் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

பழைய இன்சார்ஜ் லீவு முடிந்து வந்து, பதினைந்து நாளில் வேலையை விட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பதவி காலி. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், மாவ்ஷிகள் பேடா எப்போது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வார்டில் ஆயாக்களை எல்லோரும் மாவ்ஷி என்றுதான் கூப்பிடுவோம், மராத்தியில் சித்தி. நான் இன்டர்வியூவுக்கு ஒன்றுமே படிக்கவில்லை. ஏழு மாதமாகச் செய்கிற வேலைக்கு என்ன படிப்பு என்ற திமிர்தான்.

நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்சுகளுக்கெல்லாம் தலைமையான மேட்ரன், மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட், எச்.ஆர்., குவாலிட்டி டிபார்ட்மென்ட் மேடம். குவாலிட்டி மேடம்தான் கேட்டார், "உங்க வார்டில் ஃபால் ரேட் எவ்வளவு?" ஃபால் என்றால் நோயாளி கட்டிலில் இருந்தோ பாத்ரூமிலோ விழுவது. "ரொம்பக் கம்மி மேடம்" என்றேன். "கம்மின்னா எவ்வளவு?" நான் மேட்ரனைப் பார்த்தேன். "எப்படிக் கணக்குப் போடுவீங்க?" என்று இறங்கி வந்து கேட்டார். அதுவும் தெரியவில்லை.

அந்தக் கணக்கு இதுதான், தெரியாதவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். மாதத்தில் விழுந்தவர்கள் எண்ணிக்கையை அந்த மாதத்தின் பேஷன்ட் டேஸால் வகுத்து 1000ஆல் பெருக்க வேண்டும். பேஷன்ட் டேஸ் என்பது தினமும் நள்ளிரவில் எண்ணுகிற தலைகளின் மாதக் கூட்டல். வார்டில் மாதம் 800 பேஷன்ட் டேஸ், இரண்டு பேர் விழுந்தார்கள் என்றால் 2.5. இவ்வளவுதான். இதில் எனக்கு வலித்தது எது தெரியுமா? அந்த நள்ளிரவு சென்சஸை எழுதுவதே நான்தான். வருஷக்கணக்காக ராத்திரி 12 மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய் எண்ணி எழுதியிருக்கிறேன். அது எங்கே போகிறது, யார் எதற்குக் கூட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சரி, அந்தப் பதவி கிடைத்தது யாருக்கு என்றால், ஐந்து வருஷ அனுபவம் உள்ள ஒரு மராத்திப் பெண்ணுக்கு. பி.எஸ்ஸி. நர்சிங். பக்கத்து வார்டில் இருந்தவர், கைகழுவும் ஆடிட்டுக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஓரத்தில் நின்று எண்ணிக்கொண்டிருப்பாரே, அவர்தான். நாங்கள் பின்னால் போய்க் கிண்டல் செய்திருக்கிறோம்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன். மாமியார் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, எதிர்பார்த்தபடி ஜனதா காலனியில் ஆரம்பித்து, கடைசியில், "ஏ பிள்ள, அவ படிச்ச பேப்பரக் காட்டியிருக்கா, நீ என்னத்தக் காட்டுன?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. இன்சார்ஜ் பதவிக்கு அலவன்ஸ் 3,500 ரூபாய், அதை நம்பி மகளை டியூஷனில் சேர்த்திருந்தேன். அதையும் அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் மாதாமாதம் ஏதாவது பொய் சொல்லிச் சமாளித்திருப்பேன்.

இனி நான் செய்த தப்புகள். முதல் தப்பு சின்னது: அன்று ராத்திரி இரண்டு மணிக்கு வார்டு வாட்ஸ்அப் குரூப்பில், "13 வருஷம் கழுதை மாதிரி உழைத்தால் கழுதை பட்டம்தான் கிடைக்கும்" என்று இந்தியில் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அழித்தேன். அந்த நேரத்திலும் மூன்று நைட் டூட்டிக்காரர்கள் படித்திருந்தார்கள், காலை பத்து மணிக்குள் மேட்ரன் காதுக்குப் போய்விட்டது. நர்சுகளுக்குத் தூக்கம் கிடையாது என்பது எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது தப்பை இதுவரை வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை.

எங்கள் வார்டு கிராஷ் கார்ட்டில், அதாவது அவசர மருந்தும் கருவியும் வைக்கிற தள்ளுவண்டியில், ஒரு லாரிங்கோஸ்கோப் இருந்தது. மூச்சு நின்றவருக்குத் தொண்டைக்குள் டியூப் போடும்போது வெளிச்சம் காட்டுகிற கருவி. கைப்பிடிக்குள் பேட்டரி, பிளேடை மாட்டி விரித்தால் பல்பு எரியும். எங்கள் கைப்பிடியில் அடிமூடி லூஸ். சில நேரம் எரியாது, மூடியை அரைத் திருகு திருகினால் எரியும். கருவிகளைப் பழுது பார்க்கிற பயோமெடிக்கல் ஆட்களிடம் இரண்டு தடவை வாயால் சொல்லியிருந்தேன், "பார்க்கிறோம் சிஸ்டர்" என்றார்கள். தினமும் வந்ததும் நானே திருகி எரிகிறதா என்று பார்த்துவிடுவேன், பழக்கமாகிவிட்டது.

புது இன்சார்ஜ் பொறுப்பெடுத்த அன்று ஒவ்வொரு சாவியாக வாங்கிக்கொண்டு, ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில், "வேற ஏதாவது நான் தெரிஞ்சுக்கணுமா, தாயீ?" என்று கேட்டார். தாயீ என்றால் அக்கா. நான், "எல்லாம் லிஸ்ட்லேயே இருக்கு" என்றேன். அந்தத் திருகு மட்டும் இல்லை, ஏழெட்டு விஷயம் சொல்லவில்லை. எந்த டாக்டருக்கு ரவுண்ட்ஸில் ஃபைல் எந்தப் பக்கம் திறந்து இருக்கணும், எந்தக் கட்டில் சக்கரத்துக்கு பிரேக் பிடிக்காது, ஸ்டோரில் யாரிடம் கேட்டால் சாமான் வரும். படித்தவள்தானே, கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். கிராஷ் கார்ட் செக் பண்ணுவதும் இனி என் வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஒன்பதாவது நாள் சாயங்காலம், 11ஆம் கட்டில், அறுபது வயதுப் பெரியவர், டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கோட் ப்ளூ என்று அவசர அழைப்புச் சொல்லி, நெஞ்சை அழுத்த ஆரம்பித்து, ஆம்பு பையால் காற்றுக் கொடுத்துக்கொண்டே இருக்கும்போது ஐ.சி.யூ. டாக்டர் ஓடிவந்தார். லாரிங்கோஸ்கோப்பை விரித்தார், எரியவில்லை. மடக்கி மறுபடி விரித்தார், எரியவில்லை. உள்ளங்கையில் தட்டினார். நான் ட்ரேயில் மருந்து எடுத்துக்கொண்டிருந்தவள், யோசிக்கவே இல்லை, அவர் கையில் இருந்து வாங்கி, அரைத் திருகு, கொடுத்தேன். எரிந்தது. மொத்தம் அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது. பெரியவர் பிழைத்தார், ஐ.சி.யூ. போய், திரும்ப எங்கள் வார்டுக்கே வந்து, இரண்டு வாரம் கழித்து நடந்து வீட்டுக்குப் போனார்.

ஆனால் அந்த அரைத் திருகை எதிரே நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்த புது இன்சார்ஜ் பார்த்தார். எல்லாம் முடிந்து கிராஷ் கார்ட்டைத் திரும்ப அடுக்கும்போது, என் பக்கம் திரும்பாமல், அட்ரினலின் ஆம்பூல்களை எண்ணிக்கொண்டே, "உங்களுக்கு முன்னாடியே தெரியும் இல்ல?" என்று கேட்டார். "தெரியும்" என்றேன். அவர் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை, எண்ணிக்கொண்டே இருந்தார்.

அன்று ராத்திரி நான் இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதினேன். கருவி பழுது, இன்ன தேதியில் இருந்து பழுது, எனக்குத் தெரியும், ஓவர் கொடுக்கும்போது நான் சொல்லவில்லை என்று என் பெயரிலேயே, பேனாவால். மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதற்குப் பதில் புதுக் கைப்பிடி இரண்டு வந்தது, எல்லா வார்டு கிராஷ் கார்ட் செக்லிஸ்டிலும் 'விளக்கு எரிவதைக் கண்ணால் பார்த்தேன்' என்று ஒரு வரி சேர்ந்தது.

உங்களுக்குப் பதவி கிடைக்காமல் போயிருந்தால் நான் முதலில் சொல்வது இதைத்தான். மேட்ரன் மேல் கோபப்படுங்கள், கேன்டீனில் திட்டுங்கள், நாலு நாள் யாரோடும் சிரிக்காதீர்கள், ஓவரில் மட்டும் எதையும் மறைக்காதீர்கள். என் கோபம் மேட்ரனிடம் போகவில்லை, புது இன்சார்ஜிடம்கூடப் போகவில்லை, 11ஆம் கட்டிலுக்குப் போயிற்று.

அதற்கு அப்புறம்தான் மேட்ரனிடம் ஒழுங்காகப் பேசப் போனேன். ஒழுங்காக என்று ஏன் சொல்கிறேன் என்றால், அதற்கு முன்னால் ஒரு தடவை ரவுண்ட்ஸ் முடிந்து வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவரை மறித்து, "என்கிட்ட என்ன மேடம் குறை?" என்று கேட்டு, "அப்புறம் பார்க்கலாம் சிஸ்டர்" என்று வாங்கிக்கட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் கேட்டால் வராந்தா பதில்தான் வரும். இந்தத் தடவை 15 நிமிஷம் நேரம் கேட்டு மெயில் போட்டேன், நைட் முடிந்த காலையில் போகாமல் ஓய்வு நாளில் குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். மூன்று கேள்வி எழுதி எடுத்துக்கொண்டேன்: எதை வைத்து மார்க் போட்டார்கள், அதில் நான் எங்கே விழுந்தேன், அடுத்த இடம் எப்போது காலியாகலாம். அந்தப் பெண் பெயரை எடுக்கவே கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். அவருக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டால் மேட்ரன் அவரை நியாயப்படுத்துவார், எனக்கு ஒன்றும் தெரியவராது.

மேட்ரன் அலமாரியில் இருந்து என் ஃபைலை எடுத்து என் முன்னாலேயே வைத்தார். பிரித்துப் பார்த்தேன். அப்பாயின்ட்மென்ட் லெட்டர். லீவு லெட்டர்கள். லேட்டாக வந்ததற்கு இரண்டு மெமோ. ஒன்று ஜூலையில் சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் தண்டவாளம் முங்கிய அன்று, இன்னொன்று தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்துகிற ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக். இரண்டுக்கும் அப்போதே விளக்கம் எழுதிக் கொடுத்திருந்தால் மெமோவோடு அதுவும் இருந்திருக்கும், நான் கோபத்தில் கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்திருந்தேன். பி.எல்.எஸ்., அதாவது உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி, சர்டிபிகேட் ஒன்று, அது இரண்டு வருஷம்தான் செல்லும், எப்போதோ காலாவதி. கடைசியில் புதுசாக ஒன்று: என் இன்சிடென்ட் ரிப்போர்ட்டின் நகல், குவாலிட்டி டிபார்ட்மென்ட் முத்திரையோடு. 13 வருஷத்தில் வார்டு நன்றாக நடக்க நான் செய்த ஒரு காரியம் என்று அந்த ஃபைலில் இருந்தது அது ஒன்றுதான், அதுவும் என் குற்றத்தை நானே ஒப்புக்கொண்ட தாள்.

"ஏழு மாதம் வார்டை நடத்தினது?" என்று கேட்டேன். "எனக்குத் தெரியும். கமிட்டிக்கு நான் எதைக் காட்ட?" என்றார். மாமியார் சொன்ன அதே வாக்கியம், இந்தியில்.

மார்க் எப்படி என்றும் சொன்னார். படிப்புக்கு ஒரு பங்கு, பயிற்சி வகுப்புகளுக்கு, ஆடிட் வேலைக்கு, இன்டர்வியூவுக்கு. அனுபவத்துக்கும் உண்டு, ஆனால் பத்து வருஷத்தோடு அது நின்றுவிடும், மிச்ச மூன்று வருஷம் எனக்குக் கணக்கில் வரவே இல்லை. இதில் பாரபட்சம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது என்றுதான் சொல்வேன். ஜி.என்.எம். என்றால் ஒரு மாற்றுக் குறைவு என்று பார்க்கிற பார்வை எல்லா ஆஸ்பத்திரியிலும் உண்டு, நோயாளியின் சொந்தக்காரர்களோடு மராத்தியில் சரளமாகப் பேசுகிறவருக்கு ஒரு கூடுதல் மரியாதையும் உண்டு. ஆனால் அன்றைக்கு என்னிடம் இருந்த ஃபைலோடு பாரபட்சம் என்று நான் கத்தியிருந்தால் என் பக்கத்து ஆட்களே நம்பியிருக்க மாட்டார்கள். உண்மையிலேயே முறைகேடு நடந்திருந்தால், உதாரணமாக கர்ப்பமாக இருந்ததற்காகவே ஒதுக்கினார்கள் என்றால், அது வேறு. அதற்கு எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும், கேன்டீனில் பேசித் தீராது. வீட்டுக்கு வந்ததும் மேட்ரனுக்கு நாலு வரி மெயில் போட்டேன், இன்று நாம் பேசியது இது, நான் சரிசெய்யப்போவது இது, நன்றி என்று. அவர் பதில் போடவில்லை. பரவாயில்லை, தேதி போட்டு ஒரு தாள் இருக்கிறது.

நடுவில் வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். 2016ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவை ஒட்டி மத்திய அரசு அமைத்த குழு, தனியார் ஆஸ்பத்திரி நர்சுகளுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று பரிந்துரை செய்திருக்கிறது: 200 படுக்கைக்கு மேல் என்றால் அந்த மாநில அரசு நர்சுக்கு இணையாக, 100க்கு மேல் என்றால் அதில் 10 சதவீதம் வரை குறையலாம், 50க்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. அதைப் படித்துவிட்டு என் சம்பளச் சீட்டைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பக்கத்தில் இரண்டு ஆஸ்பத்திரியில் விசாரித்தேன், ஆயிரம் இரண்டாயிரம் கூட, ஆனால் புது இடத்தில் மறுபடி ஸ்டாஃப் நர்சாக, நைட்டில் இருந்து ஆரம்பிக்கணும். கல்ஃபில் இருக்கிற கூட்டாளிகள் பரீட்சை எழுது என்கிறார்கள். மகள் எட்டாவது, இப்போது முடியாது. ராஜினாமா எழுத உட்கார்ந்த தங்கச்சியிடமும் இதைத்தான் சொன்னேன், போவது தப்பில்லை, போ, ஆனால் கோபம் இருக்கிற மாதத்தில் போகாதே. முதலில் ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் யாரிடம் இருக்கிறது என்று பார், அவர்களிடம் இருந்தால் கேட்டு வாங்கு, நோட்டீஸ் எத்தனை நாள் என்று பார், எக்ஸ்பீரியன்ஸ் லெட்டரில் என்ன எழுதுவார்கள் என்று கேள். வேறு மாநில நர்சிங் கவுன்சிலில் ரிஜிஸ்டர் ஆகியிருந்தால் அதை மாற்றவே மாதக்கணக்கில் ஆகும், தமிழ்நாட்டில் இருந்து மகாராஷ்டிரா கவுன்சிலுக்கு மாற்ற நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் நான் என்ன செய்தேன் என்றால், பெரிதாக ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் ஃபோல்டர் ஒன்று, தாதர் ஸ்டேஷன் வெளியே 40 ரூபாய். அதில் வருகிற ஒவ்வொரு தாளின் நகலும் போகும். பயிற்சி வகுப்புச் சர்டிபிகேட், புதுப் பெண்களுக்கு நான் எடுத்த வகுப்பின் தேதியும் தலைப்பும் வந்தவர்கள் கையெழுத்தும், ஆடிட் ரிசல்ட். நோயாளி பெயரோ கேஸ் பேப்பரோ அதில் இருக்கக் கூடாது, போட்டோவும் எடுக்கக் கூடாது, அது வேறு வம்பு. பி.எல்.எஸ். புதுப்பித்தேன். மாதம் ஒரு தடவை ஃபால் ரேட், படுக்கைப் புண் கணக்கு இரண்டையும் நானே போட்டுப் பார்த்து, குவாலிட்டி ரிப்போர்ட்டோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். முதல் மாதம் ஒத்துப்போகவில்லை, தப்பு என்னுடையது, அன்றே டிஸ்சார்ஜ் ஆனவர்களையும் எண்ணியிருந்தேன்.

பொறுப்பைக் கையில் கொடுத்தால் இப்போது ஒரு வரி மெயில் கேட்கிறேன். போன நவம்பரில் புது இன்சார்ஜ் மூன்று வாரம் லீவில் போனபோது சூப்பர்வைசர் பழையபடி, "நீயே பார்த்துக்கோ" என்றார். "பார்த்துக்கறேன் மேடம், இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரைக்கும்னு ஒரு மெயில் மட்டும் போட்டுடுங்க, மத்த ஸ்டாஃபுக்கும் தெரியணும்ல" என்றேன். கொஞ்சம் முகத்தைச் சுளித்தார், போட்டார். டூட்டி லிஸ்ட் கீழே 'தயாரித்தவர்' என்று எழுதி என் பெயரைப் பேனாவால் எழுதினேன். லிஸ்ட் இன்னும் பென்சில்தான், அதை மாற்ற முடியாது.

இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. நர்சிங் இருக்கிறது, ஜி.என்.எம். முடித்து வேலையில் இருப்பவர்களுக்கு. நுழைவுத் தேர்வு உண்டு, குறைந்தது மூன்று வருஷம். நேரடியாகக் கல்லூரிக்குப் போனால் இரண்டு வருஷம், ஆனால் வேலையை விட வேண்டும். நுழைவுத் தேர்வுக்கு ஹார்பர் லைனில் நின்றுகொண்டேதான் படித்தேன், இப்போது முதல் வருஷம். பிராக்டிக்கலுக்குப் போக லீவையெல்லாம் கொட்டுகிறேன். இந்த வயதில் இது தேவையா என்று பாதி நாள் தோன்றுகிறது, மீதி நாள் தோன்ற நேரமில்லை.

புது இன்சார்ஜோடு எப்படி என்று கேட்பீர்கள். கொஞ்ச நாள் ஆயிற்று. கிராஷ் கார்ட் சம்பவத்துக்கு அடுத்த வாரம் நானே ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன், பிரேக் பிடிக்காத கட்டிலில் இருந்து ஸ்டோர் ஆள் வரைக்கும், நாலு பக்கம் வந்தது. அவர் அதை டைப் செய்து, வார்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கிற தாளாக ஆக்கி, மேலே என் பெயரைப் போட்டுவிட்டார். அதுவும் இப்போது ஃபோல்டரில் இருக்கிறது. இந்த வருஷம் எலும்பு வார்டு இன்சார்ஜ் இடம் காலியானபோது முதலில் சொன்னதே அவர்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்பார். ராத்திரி இரண்டு பேர் லீவு சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள். சொந்தக்காரர் டாக்டரை அடிக்கக் கை ஓங்கினால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள். ஒரு நாள் கேட்டார், "உங்களுக்கு ஜூனியர் உங்களுக்கு மேல இன்சார்ஜா வந்தா என்ன செய்வீங்க? இது கண்டிப்பா கேப்பாங்க தாயீ, எனக்குத் தெரியும்." நான் அவர் டப்பாவில் இருந்து பாகரி ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "கொஞ்ச நாள் எதையும் சொல்லிக் கொடுக்க மாட்டேன்" என்றேன். அவருக்குப் புரை ஏறிவிட்டது.

இன்டர்வியூ போன செவ்வாய்க்கிழமை நடந்தது. அந்தக் கேள்விக்கு ராத்திரி உட்கார்ந்து பதில் தயார் செய்து வைத்திருந்தேன், யாரும் கேட்கவே இல்லை. ஃபால் ரேட்டும் கேட்கவில்லை. மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் கேட்டது துணிக் கணக்கு: 28 படுக்கைக்கு எத்தனை செட் பெட்ஷீட் வேண்டும்? படுக்கையில் ஒன்று, ஷெல்ஃபில் ஒன்று, அழுக்குக் கூடையில் ஒன்று, லாண்டரியில் ஒன்று, ஸ்டோரில் ஒன்று, ஆக ஐந்து, 28க்கு 140 என்றேன். "ஜூலையில மட்டும் ஆறு வேணும் சார், தண்ணி தேங்கினா லாண்டரி வேன் வராது." மேட்ரன் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டார். ரிசல்ட் இன்னும் ஒட்டவில்லை.